நாற்பது டிகிரி மேற்கு

போன மாதம் மெயின்லேண்டிலிருந்து நிவேதா என்றொரு பெண் எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். நான் முன்பு வேலை பார்த்த நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாளாம். புதியவர்களுக்காக ஒரு கையேடு தயாரிக்கிறார்கள். "மேடம், உங்க காலத்துல வெளியான ஒரு கட்டுரையைத் திரும்பப் பெற்றிருக்காங்க. காரணம்னு 'வட்டுகளைக் குறித்ததில் பகுப்பாய்வுக் குழுவின் பிழை'ன்னு ஒரே ஒரு வரி இருக்கு. இப்ப புதுத் தொலைநோக்கி அதே கிரகத்தை அளந்திருக்கு. உங்க எண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அந்தப் பிழை எப்படி நடந்துச்சுன்னு ஒரு பக்கம் எழுதித் தர முடியுமா? யார் பெயரும் வேண்டாம், நடைமுறை மட்டும் போதும்" என்று கேட்டிருந்தாள். மரியாதையான பெண். கேட்டதில் தப்பில்லை.

ஒரு பக்கமாம்! அந்தமானில், போர்ட் பிளேரை ஒட்டிய கராச்சர்மாவில் இருக்கும் என் வீட்டில் மூன்று வாரமாக அந்த ஒரு பக்கத்தோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். வெளியே விடாத மழை. எழுதுகிறேன், கிழிக்கிறேன். பெயரைச் சொல்லாமல் இந்தப் பிழையை எழுத முடியாது என்பது நான்காவது முறை கிழித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. என் அப்பா அம்மா இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து கப்பலில் வந்து, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள். நான் போர்ட் பிளேரில் படித்தேன். மெயின்லேண்டில் இரண்டு வருடம் பயிற்சி. குளிர்சாதன அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கணினியோடு சண்டை போட்டதைத் தவிர அந்த இரண்டு வருடத்தில் சொல்வதற்கு எதுவும் இல்லை. பிறகு தீவுப் பகுதிக்கென்று ஒரு திட்டத்தில், சாத்தாம் படகுத் துறைக்குப் பக்கத்தில் எங்கள் நிறுவனம் மூன்று அறைகளில் ஒரு பிரிவைத் திறந்தது. அதில் தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்ந்து, அதே நாற்காலியிலிருந்து ஓய்வு பெற்றேன்.

வானியலில் வேலை பார்த்தேன் என்றால் உடனே, "ராத்திரியெல்லாம் முழிச்சிருப்பீங்களா?" என்று கேட்பார்கள். ஐயோ, இல்லவே இல்லை. காலை ஒன்பதரைக்குப் பேருந்து, மாலை ஐந்தரைக்கு வீடு. அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு நட்சத்திரத்தையும் நான் பார்த்ததில்லை. வேறு நாட்டார் அனுப்பிய விண்வெளித் தொலைநோக்கி அகச்சிவப்பில் பார்த்ததை வன்வட்டுகளில் நிரப்பி மெயின்லேண்டிலிருந்து கப்பலில் அனுப்புவார்கள். அன்றைய தீவு இணையத்தில் அதை இறக்க ஆரம்பித்தால் என் ஓய்வுக்காலம் வரை இறங்கிக்கொண்டே இருந்திருக்கும்.

நாங்கள் அளந்தது வெப்பம். வேறொரு நட்சத்திரத்தை ஒட்டிச் சுற்றும் பெரிய கிரகம். ஒரு முகத்தை எப்போதும் நட்சத்திரத்துக்கே காட்டிக்கொண்டிருக்கும். அந்த முகம் கொதிக்கும், முதுகு ஆறிக் கிடக்கும். கிரகத்தைத் தனியாகப் பார்க்க முடியாது. நட்சத்திரமும் கிரகமும் சேர்ந்த ஒரே ஒரு புள்ளி வெளிச்சம்தான் கிடைக்கும். கிரகம் சுற்றி வரும்போது சூடான முகம் நம் பக்கம் திரும்பத் திரும்ப அந்த வெளிச்சம் ஒரு துளி ஏறும். முதுகு திரும்பினால் ஒரு துளி இறங்கும். ஏற்றத்தின் உச்சி எப்போது வருகிறது என்பதுதான் முக்கியம். கிரகம் நட்சத்திரத்துக்குப் பின்னால் மறைகிற நேரத்தை ஒட்டி உச்சி வந்தால், அங்கே காற்று வெப்பத்தைத் தள்ளவில்லை என்று பொருள். அதற்கு முன்னதாகவே வந்தால் காற்று வெப்பத்தைக் கிழக்கே தள்ளுகிறது. பின்னால் வந்தால் மேற்கே. மேற்கே தள்ளும் கிரகம் அபூர்வம்.

சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. அந்தத் தொலைநோக்கிக்குள் ஒரு ஹீட்டர் எரிந்து அணையும். எரியும்போதெல்லாம் தொலைநோக்கி இம்மியளவு அசையும். நட்சத்திரத்தின் புள்ளி உணர்கருவியின் கட்டத்துக்குள் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகும். ஓரத்தில் வெளிச்சம் குறைவாகப் பதியும். இந்தப் பொய்யான ஏற்ற இறக்கம் கிரகத்தின் ஏற்ற இறக்கத்தைவிடப் பெரியது. அதைக் கழித்து எடுத்த பிறகு மிஞ்சுவதுதான் கிரகம். கழிக்கிறவன் கையில்தான் எல்லாமே. கொஞ்சம் ஆசைப்பட்டுக் கழித்தால் அவன் விரும்பிய கிரகம் வந்துவிடும்.

அந்த ஆசைக்குக் கடிவாளம் போடத்தான் எங்கள் மேலதிகாரி வேதமூர்த்தி சார் உப்பு போடும் முறையை வைத்திருந்தார். ஒவ்வொரு கிரகத்துக்கும் இரண்டு வட்டுகள். ஒன்றில் வந்த தரவு வந்தபடி இருக்கும். மற்றதில் நான் ஒரு பொய்யான ஏற்ற இறக்கத்தைக் கலந்து, நான் நினைத்த இடத்தில் உச்சி தெரியும்படி செய்துவிடுவேன். அதற்குத்தான் உப்பு என்று பெயர். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். எண் எழுதிய ஸ்டிக்கர் மட்டும்தான் வித்தியாசம். எந்த எண்ணில் உப்பு என்று ஒரு சீட்டில் எழுதி, உறையில் ஒட்டி, சாரிடம் கொடுத்துவிட வேண்டும். எவ்வளவு உப்பு என்பது என் தலையிலும் என் நோட்டிலும் மட்டும். அளக்கிறவர் எதில் உப்பு என்று தெரியாமல் இரண்டையும் அளந்து, இரண்டு விடையையும் பலகையில் எழுத வேண்டும். அதன் பிறகுதான் உறையைப் பிரிப்பார். உப்பு வட்டின் விடை நான் போட்டதோடு ஒத்துப்போனால், அளந்த கை நல்ல கை. அப்போது மற்ற வட்டின் விடையையும் நம்பலாம்.

உப்பு போடுகிறவரும் அளக்கிறவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது என்பது அவருடைய இன்னொரு சட்டம். அதனால் அளக்கும் கணினிகளைத் துறைமுகத்துக்கு அக்கரையில், பாம்பூஃப்ளாட்டில் ஜெனரேட்டர் வசதி இருந்த ஓர் அரசுக் கட்டடத்தில் வைத்தார். நடுவில் கடல்! நாங்களெல்லாம் முதுகுக்குப் பின்னால் சிரித்தோம். என் அறைக்குள் அளக்கிறவர் காலெடுத்து வைக்கக் கூடாது. உப்பைப் பற்றி அவர் என்னிடம் கேட்கவும் கூடாது, கேட்டால் நான் பதில் சொல்லவும் கூடாது.

சார் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கடைநிலை ஊழியரையும் 'நீங்க' என்றுதான் சொல்வார். யாராவது தப்புச் செய்தால் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டு, "எழுதிக் குடுங்க" என்பார். அவ்வளவுதான். எழுதிக் கொடுப்பது அவரவர் பெயரிட்ட கோப்பில் சேரும். அவருக்கும் ஒரு கோப்பு இருந்தது. 'இன்று கடிகாரத்தைப் பார்க்காமல் நேரம் எழுதினேன்' என்று தன் கைப்படவே எழுதி வைத்திருந்தார். என் கோப்பு மட்டும் பதினான்கு வருடமாகக் காலி. விருந்தினர் வந்தால் அதை எடுத்து விரித்துக் காட்டுவார். "இவங்க தனலெட்சுமி. பாருங்க, ஒரு தாள் கிடையாது" என்பார். நான் வெட்கப்படுவதுபோல முகத்தை வைத்துக்கொள்வேன். உள்ளுக்குள் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. அந்தக் காலிக் கோப்புதான் என்னைக் கெடுத்தது.

அளக்கிறவன் பெயர் சரவணன். பாம்பூஃப்ளாட் பையன். தற்காலிகப் பணி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்பு உத்தரவு வரும், வராமலும் போகும். அவன் அப்பா முனியசாமி அண்ணன் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர், சாத்தாமுக்கும் பாம்பூஃப்ளாட்டுக்கும் ஓடும் ஃபெர்ரியில் கயிறு கட்டும் வேலை. வட்டுப் பெட்டி அவருடைய படகில்தான் போகும். பெட்டியை மகன் கையிலிருந்து வாங்கி, கேபினுக்குள் ஸ்டூல்மேல் வைத்துவிட்டு, "ஹட்டோ பாய், இதுல நட்சத்திரம் போகுது" என்று ஆட்களை விலக்குவார். சரவணன் கூச்சத்தில் நெளிவான்.

சரவணனின் கை நல்ல கை. அந்த ஹீட்டர் அசைவை அவன் கழித்தமாதிரி மெயின்லேண்டில்கூட யாரும் கழித்து நான் பார்த்ததில்லை. உப்பு எத்தனை டிகிரி போட்டாலும் ஓரிரண்டு டிகிரிக்குள் பிடித்துவிடுவான். எனக்கே சில சமயம் எரிச்சலாக வரும், இவனை ஒரு தடவையாவது ஏமாற்ற முடியவில்லையே என்று.

நிவேதா கேட்ட கிரகத்துக்கு பாராடாங் என்று எங்கள் தீவு ஒன்றின் பெயரை அவன்தான் வைத்தான். அட்டவணையில் இருந்த எண்ணை வாயில் நுழைக்க முடியாது. "பாராடாங் போற மாதிரிக்கா. காட்டு ரோட்டுல வண்டியெல்லாம் சேர்ந்து போற கான்வாய்க்குக் காத்திருக்கணும், அப்புறம் ஃபெர்ரிக்குக் காத்திருக்கணும், போய்ச் சேர்ந்தா நாலு கடை" என்றான். இரண்டு நாளுக்கு ஒரு சுற்று சுற்றும் கிரகம் அது. அதற்கு நான் போட்ட உப்பு நாற்பது டிகிரி மேற்கு. அதாவது, கிரகம் மறைந்து ஐந்து மணி நேரம் தாண்டிய பிறகுதான் உச்சி தெரியும். நடக்காத திசையில் போட்டால் அதைப் பார்த்துவிட்டு வழக்கமான திசைக்குத் திருத்தப் பார்க்கிறானா, இல்லை கண்டதைக் கண்டபடி எழுதுகிறானா என்று பார்ப்பதற்காக. வட்டு நான்கில் உப்பு என்று சீட்டெழுதி உறையைக் கொடுத்துவிட்டேன்.

அது மழைக்காலம். வட்டுகள் பூஞ்சை பிடிக்காமலிருக்க பீரோவுக்குள் எப்போதும் ஒரு குண்டு பல்பு எரியும். மூன்று நாளாகக் கரண்டு இல்லை. நான்காவது நாள் காலையில் பீரோவைத் திறந்தால் உள்ளே ஈர வாடை. பெட்டியைத் திறந்தேன். இரண்டு வட்டுகளும் மொட்டையாகக் கிடந்தன. 3, 4 என்று எழுதிய ஸ்டிக்கர்கள் பசை விட்டு, பெட்டியின் அடியில் சுருண்டு கிடந்தன.

இதற்கும் சட்டம் இருந்தது. ஸ்டிக்கர் விழுந்தால் இரண்டு வட்டையும் ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து செய்ய வேண்டும். மூன்று நாள் வேலை. சாருக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும். சரவணன் என் அறை வாசலில் குடையோடு நின்றுகொண்டிருந்தான். "அக்கா, பதினொன்றரை போட் போயிடும். ஜல்தி!" என்றான். ஒரு வட்டின் முதுகில் ஒரு கீறல் இருந்தது. கீறல் விழுந்தது மூன்று என்று எனக்கு ஞாபகம். நன்றாகவே ஞாபகம் இருப்பதாக நினைத்தேன். ஆபீஸ் பசையைத் தடவி, அதன்மேல் 3 என்பதை ஒட்டினேன். மற்றதன்மேல் 4. நோட்டைத் திறந்து பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. நோட்டு பூட்டிய இழுப்பறையில் இருந்தது, சாவி என் இடுப்பில் இருந்தது. நான் பார்க்கவில்லை.

ஆறு வாரம் கழித்து உறை பிரிக்கும் நாள் வந்தது. சார், சரவணன், நான், ஆபீசில் மற்ற இரண்டு பேர். சரவணன் பலகையில் எழுதினான்: 'வட்டு 3: மேற்கே 39. வட்டு 4: கிழக்கே 8.' சார் உறையைக் கத்தியால் கீறி, சீட்டை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். "நான்கில் உப்பு."

அப்படியென்றால் மேற்கே முப்பத்தொன்பதுதான் நிஜம். சரவணனுக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது. யாரோ கைதட்டினார்கள். சார் கை தூக்கி அமர்த்திவிட்டு, முறைப்படி என் பக்கம் திரும்பினார்.

"தனலெட்சுமி, உப்பு கிழக்கே எட்டு. சரிதானா?"

பலகையில் முப்பத்தொன்பது என்று எழுதிய அந்தக் கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் போட்டது நாற்பது. அவன் முப்பத்தொன்பது எடுத்திருக்கிறான். என் பொய்யை அவ்வளவு சுத்தமாக அளந்து பலகையில் எழுதிவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். 'இல்லை சார்' என்று இரண்டு சொல் சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பார். ஸ்டிக்கரைச் சொல்ல வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். எழுதிக் குடுங்க என்பார்.

"சரி சார்" என்றேன்.

அன்று மாலை நோட்டைத் திறந்தேன். என் கையெழுத்தில் தெளிவாக இருந்தது: 'கீறல் உள்ளது 4. உப்பு.' மறுநாள் பாம்பூஃப்ளாட்டிலிருந்து திரும்பி வந்த வட்டுகளைப் பார்த்தேன். கீறல் விழுந்ததன்மேல் 3. நான் எப்படி ஒட்டினேனோ அப்படியே இருந்தது. வேறு யார் கையிலும் எதுவும் மாறவில்லை. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் சரவணன் அம்மா செய்த அதிரசம் வந்தது. அதற்கு மறுநாள் சார் மெயின்லேண்டுக்குப் பேசிவிட்டார். கட்டுரை போனது, ஏற்றுக்கொள்ளப்பட்டது, வெளியானது. முதல் பெயர் சரவணனுடையது. என் பெயர் கடைசியில், நன்றி சொல்கிற பத்தியில். ஒவ்வொரு நாள் போகப் போகச் சொல்வது இன்னும் கஷ்டமானது. சோறு இறங்கவில்லை என்றெல்லாம் எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. பொய். நன்றாகச் சாப்பிட்டேன், வேலைக்குப் போனேன், சரவணனோடு சிரித்துப் பேசினேன்.

நான்காவது மாதம் மெயின்லேண்டில் சரவணனுக்கு நிரந்தரப் பணிக்கான உத்தரவு வந்தது. அந்தக் கட்டுரையை வைத்துத்தான். கப்பல் டிக்கெட்டும் எடுத்துவிட்டான். அதே வாரம் வெளிநாட்டுக் குழு ஒன்று எங்கள் மூலத் தரவைக் கேட்டு எழுதியது. தாங்களும் அளந்து பார்க்கப் போகிறார்களாம். இனி எப்படியும் வெளியே வந்துவிடும். அப்போதுதான் நான் சார் அறைக்குப் போனேன். மனசாட்சி உந்தியது என்று யாரும் நினைக்க வேண்டாம், பயம்தான் உந்தியது.

"சார், பாராடாங் வட்டு ரெண்டும் மாறியிருக்கு. மூணுலதான் உப்பு இருக்கு."

சார் கண்ணாடியைக் கழற்றினார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"அன்னிக்கு சரின்னு சொன்னீங்களே?"

"நோட்டைப் பாக்காம ஞாபகத்துல சொல்லிட்டேன் சார். அந்தக் கிரகத்துக்கு எட்டு போட்டேன்னு நினைச்சுட்டேன்."

"சரி. ஸ்டிக்கர் எங்க மாறிச்சு?"

"தெரியல சார்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "வழியில மாறியிருக்கலாம்."

வழியில். அந்த ஒரு சொல்லை நான் சொல்லியிருக்க வேண்டாம். அவர் என்னைப் பார்த்தார். பதினான்கு வருடக் காலிக் கோப்பு அவருக்கும் எனக்கும் நடுவில் இருந்தது. என்னை அவர் சந்தேகிக்கவில்லை. ஞாபகத்தில் சொன்னதற்கு மட்டும் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். என் கோப்பில் முதல் தாள். அதுவும் பொய்.

சாயங்காலம் சரவணன் என் அறை வாசலுக்கு வந்து நின்றான். அப்போதும் உள்ளே வரவில்லை, சட்டம் அப்படி. முகம் வெளிறிப் போயிருந்தது. "அக்கா, அன்னிக்கு பெட்டி நனைஞ்சிருந்துச்சு. ரெண்டையும் எடுத்துத் துடைச்சேன். ஒரு ஸ்டிக்கர் கையோட வந்துச்சு, திரும்ப ஒட்டினேன். ரெண்டும் வந்துச்சா, ஒண்ணுதானான்னு எனக்கு ஞாபகமே வரலக்கா. நான்தான் மாத்திட்டேன் போல."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விடு சரவணா. யாருக்கும் நடக்கிறதுதான்" என்றேன். தேற்றினேன்! நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம்போல இருக்கிறது.

மறுநாள் காலை பத்து மணிக்கு முனியசாமி அண்ணன் ஆபீசுக்கு வந்தார். ஃபெர்ரி சீருடையில், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். கையெழுத்து வாங்குவதற்காக நானும் சார் மேசைப் பக்கம் நின்றிருந்தேன். சார் எழுந்து நாற்காலியைக் காட்டினார். அவர் உட்காரவில்லை.

"சாப், கல்தி என்னோடது, தப்பு என்மேலதான். அன்னிக்கு சரியான மழை. கேபின்ல ஒரு பிள்ளைத்தாச்சி உக்காந்திருந்துச்சு. அதனால பெட்டியை வெளிய பெஞ்சுல வச்சுட்டேன். தண்ணி அடிச்சிருச்சு. பையன் மேல ஒண்ணும் இல்ல சாப். என் போட்ல நனைஞ்சது அது. பையன் பேரை விட்டுருங்க, என் பேரைப் போட்டுக்கங்க."

சார் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஐயா, நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா எழுதினவங்க பேர்லதான் வாபஸ் வாங்க முடியும். படகு பேரைப் போட முடியாது" என்றார்.

"தங்கச்சி, நீங்களாவது சொல்லுங்க" என்று அண்ணன் என் பக்கம் திரும்பினார். "இவன் சின்ன வயசுலேர்ந்து ஒரு சாமானைத் தவற விட்டதில்ல. உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்ணே" என்றேன். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு, இருவருக்கும் கும்பிட்டுவிட்டு, அடுத்த ஃபெர்ரிக்கு நேரமாகிவிட்டது என்று இறங்கிப் போனார்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றோம். 'பகுப்பாய்வுக் குழுவின் பிழை' என்ற வரி சார் எழுதியது. தனி ஒருவர்மேல் பழி விழாமலிருக்க அப்படி எழுதினார். ஆனால் பகுப்பாய்வுக் குழு என்றால் சரவணன்தான், அதில் வேறு யார் இருக்கிறார்கள்? மெயின்லேண்ட் உத்தரவை ரத்து செய்துவிட்டார்கள். அந்த முறை நீட்டிப்பு உத்தரவும் வரவில்லை. கடைசி நாளில் அவன் பீரோவுக்குள் எரிய ஒரு புது பல்பு வாங்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்துவிட்டுப் போனான். இரண்டு வருடத்தில் முனியசாமி அண்ணன் நெஞ்சுவலியில் போய்விட்டார். பணியில் இருக்கும்போதே இறந்ததால், பாம்பூஃப்ளாட் துறையில் படகுக் கயிற்றை வாங்கிக் கட்டும் வேலை வாரிசு என்ற முறையில் சரவணனுக்குக் கிடைத்தது. சாரும் பிறகு காலமாகிவிட்டார். நான் ஓய்வு பெற்ற அன்று என் கோப்பைக் கையில் கொடுத்தார்கள். ஒரே ஒரு தாள்.

நிவேதாவுக்கு எழுதும் முன் போக வேண்டிய இடம் ஒன்று இருந்தது. போன செவ்வாய்க்கிழமை கராச்சர்மாவில் பேருந்து ஏறி, சாத்தாமில் இறங்கி, ஃபெர்ரியில் உட்கார்ந்தேன். பாம்பூஃப்ளாட் துறையில் கயிற்றை வாங்கிக் கட்டியவன் சரவணன். காதோரம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "அரே, அக்கா! எங்க இந்தப் பக்கம்?" என்று சிரித்தான். அடுத்த நடைக்கு இருபது நிமிடம் இருந்தது. துறையின் சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்தோம்.

எல்லாவற்றையும் சொன்னேன். கரண்டு இல்லாத மூன்று நாள், சுருண்டு கிடந்த ஸ்டிக்கர், கீறல், 'சரி சார்', 'வழியில'. ஒன்றையும் விடவில்லை. அவன் கையில் கயிற்று நார் ஒன்று இருந்தது, அதைப் பிய்த்துக்கொண்டே கேட்டான். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டட்டும் என்றுதான் போனேன்.

"அப்ப, நான் அளந்தது?" என்று கேட்டான்.

"நாப்பது போட்டேன் சரவணா. நீ முப்பத்தொம்பது எடுத்தே."

"நாப்பதுக்கு முப்பத்தொம்பது" என்றான் தனக்குள்ளேயே. ஒரு கணம் அவன் முகத்தில் பழைய சரவணன் வந்தான். பிறகு போய்விட்டான்.

"அக்கா, எங்கப்பா," என்று ஆரம்பித்து நிறுத்தினான். "அதுக்கப்புறம் அவர் போட்ல யாரு எந்தப் பெட்டி கொண்டு வந்தாலும் விடமாட்டாரு. ஓடிப்போய் வாங்கி கேபின்ல வச்சிருவாரு. தக்காளிப் பெட்டியா இருந்தாலும். சாகுற அன்னிக்குக்கூட ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சுக்கிட்டு, வெளிய வச்சிருக்கக் கூடாதுடான்னாரு. எதைன்னு நான் கேக்கல. எனக்குத் தெரியும்."

அவன் கையிலிருந்த நாரைத் தண்ணீரில் போட்டான்.

"எனக்குக்கூட வேணாம்க்கா," என்றான். "அவர் இருக்கும்போது ஒரு தடவை இக்கரைக்கு வந்து சொல்லியிருக்கலாமே? இருபது நிமிஷம்தானே ஆகும்."

படகு ஹாரன் அடித்தது. அவன் எழுந்து போய்க் கயிற்றை அவிழ்த்தான். நான் அந்தப் படகிலேயே திரும்பிவிட்டேன். அவன் கரையிலிருந்து கையசைக்கவில்லை. நானும் அசைக்கவில்லை.

நிவேதா, நீ கேட்ட நடைமுறை இதுதான்: ஸ்டிக்கர் விழுந்தால் இரண்டு வட்டையும் ஒதுக்கு. நோட்டைப் பார்க்காமல் 'சரி' என்று சொல்லாதே. பார்த்த பிறகும் தப்பாக இருந்தால் சரி என்று சொல்லாதே. பெயர் வேண்டாம் என்று எழுதியிருந்தாய். 'பகுப்பாய்வுக் குழு' என்பதை அடித்துவிட்டு தனலெட்சுமி என்று போடு. அளந்தவர் சரவணன், அவர் அளந்தது சரி என்றும் போடு. அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி வேண்டும். கையேட்டுக்கு அது தேவையில்லை என்று உன் மேலதிகாரி சொல்லலாம், சொன்னாலும் எடுக்காதே. முனியசாமியின் படகில் எதுவும் நடக்கவில்லை.